பன்னிரண்டாவது ரீல்

எங்கள் மேலச்செங்குளத்தில் இறந்துபோனவர்கள் மறுநாள் மதியம் வந்து சோறு பரிமாறிவிட்டுப் போகிற வழக்கம் எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் தொடங்கியது, அதற்கு ஒரு சினிமாப் படமும் ஒரு பஸ் கிளீனரும்தான் பொறுப்பு என்பதில் ஊரில் இரண்டாவது பேச்சே கிடையாது. ‘நெல்லுக்குடி நாச்சியார்’ படப்பெட்டியை அந்தக் கிளீனர் பஸ் கூரையில் சரியாகக் கட்டாமல் விட்டான், திருப்பத்தில் பெட்டி பெரிய வாய்க்காலுக்குள் விழுந்தது, மீனலோசனி தியேட்டர் ஆபரேட்டர் அருளப்பன் ரீல்களை எடுத்துத் துடைத்துக் காயவைத்தபோது எண் எழுதி ஒட்டிய காகிதங்கள் எல்லாம் கூழாகிவிட்டிருந்தன. மனுஷன் தன் புத்திக்கு எட்டிய வரிசையில் எண் போட்டார். பன்னிரண்டாவது ரீல் பதிமூன்றாவதாகவும் பதிமூன்றாவது பன்னிரண்டாவதாகவும் போய்விட்டன, போதாததற்குப் பன்னிரண்டாவது ரீலின் ஓரத்தில் சத்தம் பதிந்திருந்த கோடு தண்ணீரில் அழிந்துவிட்டதால் அந்த ஒரு ரீல் மட்டும் ஊமையாக ஓடியது.

படத்தில் நாச்சியார் தம்பி ராசுவை வளர்த்து ஆளாக்குகிறாள், அவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான், பல வருஷம் கழித்து ஒரு மதியம் வந்து உட்காருகிறான், அவள் இலை போட்டுச் சோறு வைக்கிறாள், இது பன்னிரண்டாவது ரீல். பதிமூன்றில் அவளைப் பாம்பு கடிக்கிறது, தூக்கிக்கொண்டு போய் எரிக்கிறார்கள். ஊர் உலகமெல்லாம் இந்த வரிசையில்தான் பார்த்தது, பார்த்துவிட்டுப் பத்து நாளில் படத்தைத் தூக்கிவிட்டது. எங்கள் ஊரில் மட்டும் நாச்சியார் எரிந்து சாம்பலானாள், அடுத்த ரீலில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து தம்பிக்குச் சோறு போட்டாள், சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது, அவன் தலை குனிந்து சாப்பிட்டான். முதல் காட்சியிலேயே பெண்கள் பக்கம் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். தியேட்டர் முதலாளி அருளப்பனைக் கூப்பிட்டு, “நீ பண்ணுனது தப்பா சரியான்னு எனக்குத் தெரியாது, இனிமே அதுல கைய மட்டும் வச்சிராத” என்று சொல்லிவிட்டார், படம் நூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடியது.

நூற்றுப் பதிமூன்றாம் நாள் டீக்கடை மாரிக்கண்ணு இறந்தார். மறுநாள் மதியம் கொல்லைப்புறக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மச்சினனை மணைபோட்டு உட்காரவைத்தார், இலை போட்டார், சாவு வீட்டுக்கு அண்டை வீட்டார் கொண்டுவந்து வைத்திருந்த சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் பரிமாறினார், உதட்டை அசைத்து என்னவோ சொன்னார், பிறகு வந்த வழியே போய்விட்டார். மச்சினன் பயப்படவில்லை, இரண்டாம் முறை அப்பளம் கேட்டு வாங்கினான். பார்த்தவர்கள், “படத்துல வந்த மாதிரியே” என்று சொன்னார்களே தவிர வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சாவுக்கு அருளப்பன் கைக்கடிகாரத்தோடு போய் நின்று, “பதினோரு நிமிஷம். ஆயிரம் அடி ரீல் அம்புட்டுத்தான் ஓடும்” என்று கணக்குச் சொல்லிவிட்டார், அதிலிருந்து அந்தப் பதினோரு நிமிஷம் ஊருக்குப் பொதுவான அளவாகிவிட்டது.

பள்ளிவாசல் தெருவில் இலைக்குப் பதில் தட்டு வைத்தார்கள், மாதா கோயில் தெருவில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொன்னார்கள், மற்றபடி எல்லா வீட்டிலும் ஒரே முறைதான். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த கிராம நிர்வாக அலுவலர் முதலில் சத்தம் போட்டார், பிறகு அவரும் சாப்பாடு முடிந்த பிறகே இறப்புச் சான்றுக்குக் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டார். இறந்தவர் வருவது யாரோடு சண்டை தீரவில்லையோ அவருக்குப் பரிமாறத்தான். இதைக் கண்டுகொண்ட பிறகு எங்கள் ஊரில் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள்கூட அறுபது வயது தாண்டியதும் உப்பு குறைச்சல், விசிறி வேகம் என்று எதையாவது பிடித்து ஒரு சண்டையைத் தொடங்கி, அதை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். பிரியம் அதிகமானால் சண்டையும் அதிகமாகும். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் எங்களைப் பைத்தியக்கார ஊர் என்றார்கள், அதில் பெரிய தப்பொன்றும் இல்லை.

ஆனால் எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. ஜெசிந்தாவின் மகள் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனாள், அம்மாவோடு ஒரு நாளும் முகம் சுளித்தவள் இல்லை, அதனால் மறுநாள் வந்தவள் பள்ளிக்கூடத்தில் தன்னை அடித்த கணக்கு வாத்தியாருக்குச் சோறு போட்டாள். ஜெசிந்தா அடுப்படி வாசலில் நின்று பதினோரு நிமிஷமும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று மெல்ல மெல்ல ஊரில் பரவியது, உயிரோடு இருக்கும்போது யாரும் யாரோடும் சமாதானமாகவில்லை. எதற்கு அவசரம், அதுதான் வந்து சோறு போடுவாரே, உதடு அசையுமே, மன்னித்துவிட்டேன் என்றுதானே சொல்வார் என்று இருந்துவிட்டார்கள். அந்த உதடுகள் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்கின்றன என்பதை நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் லேமினேஷன் கடை வைத்திருக்கும் திலகராணியும் அப்படி இருந்துவிட்டவள்தான். அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி சேது, இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், இருவரும் பேசிப் பத்தொன்பது வருஷம். சேதுவுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் வீட்டுக்குத் திலகராணி தனியாகப் போய், சின்ன வயதில் தம்பிக்கு வலிப்பு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள், கல்யாணம் நின்றுபோனது. சேது நேரே அவள் கடைக்கு வந்து, “ஏங்க்கா சொன்ன?” என்று கேட்டான். அவள் மிஷினில் போட்ட ரேஷன் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனான், பிறகு கலா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான், கல்யாணத்துக்கு அக்காவை அழைக்கவில்லை. இப்போது அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, ஆறு மாதமாகப் படுக்கை. ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டும்போது அவன் தெருப் பக்கம் திரும்பலாமா என்று திலகராணி யோசிப்பாள், பிறகு எப்படியும் ஒரு நாள் அவன் வருவான், பேச வேண்டியிருக்காது, தலை குனிந்து சாப்பிட்டால் போதும் என்று தன் வீட்டுப் பக்கமே திரும்பிவிடுவாள். சொல்லவே கூசுகிறது, தம்பியின் சாவுக்குப் பிறகு வரும் மதியத்தை நம்பித்தான் அவள் ஒவ்வொரு நாளும் தூங்கினாள்.

தூங்காத நேரமெல்லாம் அந்தப் படத்துக்கான வேலையிலேயே போனது. நாச்சியாரின் மூலப்பிரதி எப்போதோ உருகிப் போய்விட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒன்பது வருஷமாக அவளும், முகம் பாராத இன்னும் பத்து ரசிகர்களும் சேர்ந்து, தியேட்டரில் வெளியானபடியே படத்தை மீட்டெடுக்கப் பாடுபட்டார்கள். கொழும்பிலிருந்து அடியில் சிங்கள எழுத்து ஓடும் நாலு ரீல் கிடைத்தது, பழனியில் ஒரு லாட்ஜில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த இரண்டு ரீல் கிடைத்தது, பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் போட்டு விற்ற ஃபிலிம் துண்டுகளைச் சின்ன வயதில் வாங்கிச் சேர்த்தவர்கள் தபாலில் அனுப்பினார்கள். கோயம்புத்தூர் மில் ஆபீஸில் வேலை பார்க்கும் கபிலன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பிரித்துக் கொடுப்பான், ஒரு வினாடிக்கு இருபத்து நாலு படம், ஒவ்வொன்றாகக் கீறல் துடைக்க வேண்டும். திலகராணி நாச்சியாரின் கன்னத்திலிருந்த ஒரு கோட்டை மூன்று வாரம் உட்கார்ந்து துடைத்து அனுப்பினாள். கபிலன் போனில், “அக்கா, அது கீறல் இல்லீங்க, வேர்வைல ஒட்டுன முடிங்க” என்றான். மறுபடி மூன்று வாரம் உட்கார்ந்து அந்த முடியை வைத்தாள்.

கடைசிவரை கிடைக்காமல் இருந்தது பன்னிரண்டாவது ரீலின் சத்தம். அது பரமக்குடியில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரிடம் இருந்தது, அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் வந்த இந்தப் படத்தின் ஒலிச்சித்திரத்தை அவர் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார், நடுவில் அவர் வீட்டுக் குக்கர் இரண்டு விசில் விடும். கபிலன் விசிலை எடுத்துவிட்டு, சத்தத்தைப் படத்தோடு சேர்த்து அனுப்பினான். ஒரு திங்கட்கிழமை காலை கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திலகராணி அதைப் போட்டாள். ஏழு வயதில் அழுதுகொண்டே பார்த்த காட்சி, ஊரே நாற்பத்தாறு வருஷமாக உதட்டை மட்டும் பார்த்த காட்சி. நாச்சியார் சோற்றை வைத்துவிட்டுக் கேட்டாள், “ராசு, நான் உனக்கு என்ன குறை வச்சேன்? அத மட்டும் சொல்லிட்டுச் சாப்புடு.” ராசு பேசவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு மறுபடி கேட்டாள். மோரை ஊற்றிவிட்டு மூன்றாம் தடவை கேட்டாள். ராசு இலையை மடித்துவிட்டு எழுந்து போனான்.

திலகராணி அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள், வந்தவர்களிடம் மிஷின் ரிப்பேர் என்றாள். மன்னிப்பு இல்லை, கேள்வி. இத்தனை வருஷமும் இத்தனை பேர் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், நாங்கள் அப்பளம் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

செய்தி ஒரு நாளில் ஊரைச் சுற்றிவிட்டது. மீட்டெடுத்த படத்தை ஊரில் எந்த வரிசையில் போடுவது என்று முடிவெடுக்கத் தியேட்டரிலேயே கூட்டம் கூட்டினார்கள், அதற்காகக் கபிலனும் வந்திருந்தான். அப்பா படுக்கையில் கிடக்கிற கவுன்சிலர் இருளப்பன்தான் முதலில் எழுந்தார்.

“நம்ம ஊர்ல ஓடுன மாதிரியே போடுங்க. நேர் வரிசையில போட்டு, நாளைக்கு யாரும் வராமப் போயிட்டா என்ன பண்றது? எங்கப்பாகிட்ட எனக்கு இன்னும் தீரல.”

“தீராட்டி இன்னைக்குப் போய்த் தீருங்களேன்” என்றாள் பவுனுத்தாய். அவள் புருஷன் உயிரோடு இருந்தவரை அவளை அடித்தவன், செத்த மறுநாள் வந்து அவளுக்கே சோறு போட்டவன். “அந்தாளு கையால வாங்கித் தின்னேன் பாருங்க, அது இன்னும் தொண்டையில நிக்கிது. என்னையக் கேட்டா இது நின்னா நல்லதும்பேன்.”

கபிலன் பணிவாக, “ஒரிஜினல்னா அது எடுத்தவர் வச்ச வரிசைதானுங்க” என்றான்.

“எங்களுக்கு ஆபரேட்டர் அருளப்பன் வச்சதுதான் ஒரிஜினலு” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள், விசில் பறந்தது.

எல்லோரும் திலகராணியைப் பார்த்தார்கள். அவளுக்குப் பாழாய்ப்போன படத்தை ஏன் தொட்டோம் என்றிருந்தது. நேர் வரிசையில் போட்டால் சேது வராமல் போகலாம். பழைய வரிசையில் போட்டால் வருவான், வந்து உதட்டை அசைப்பான், அவன் என்ன கேட்கிறான் என்று இப்போது அவளுக்குத் தெரியும், பதில் சொன்னாலும் செத்தவன் காதில் விழுமா என்று யாருக்குத் தெரியும்?

“நேரா போடுவோம்” என்றாள். “சத்தத்தோட போடுவோம். கேக்குறதுக்கு ஆளு உசுரோட இருக்கும்போதே கேக்கட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர அன்றும் அவள் தம்பி தெருப் பக்கம் போகவில்லை. படம் முடியட்டும், அப்புறம் போகலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக் காட்சி, தியேட்டர் கொள்ளாத கூட்டம், இருளப்பனே தோரணம் கட்டினார். முதல் ரீலிலிருந்து யாரும் ஒரு இடத்தில் ஒழுங்காக உட்காரவில்லை, பெண்கள் எழுந்து எழுந்து புடவையைச் சரிசெய்தார்கள், ஆண்கள் பாட்டு வராத நேரத்தில்கூட வெளியே போய்விட்டு வந்தார்கள், திலகராணி கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மதியம் ஒரு மணிக்குப் பன்னிரண்டாவது ரீல் வந்தது. நாச்சியார் சாகாமலே வந்து இலையைப் போட்டாள். அந்தக் காட்சியில் எங்கள் ஊர் முதன்முறையாக அவள் குரலைக் கேட்டது.

“ராசு, நான் உனக்கு என்ன குறை வச்சேன்?”

அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அந்த அமைதியில் இருளப்பனின் போன் அடித்தது, அவர் பெண்டாட்டி பேசியது நாலு வரிசைக்குக் கேட்டது. “ஏங்க, மாமா எந்திரிச்சு நிக்கிறாருங்க. கையில கரண்டி வச்சிருக்காரு. ஒங்களுக்கு எல போடச் சொல்றாரு.”

அடுத்து இன்னொரு போன், பிறகு ஒரே சமயத்தில் ஐந்தாறு. ஊரில் எங்கெல்லாம் யார் இழுத்துக்கொண்டு கிடந்தார்களோ அவர்கள் எல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தார்கள். ஜெசிந்தாதான் முதலில் புரிந்துகொண்டு வாய்விட்டுச் சொன்னாள். “இனிமே சோறு போடுறது முன்னால வருது. சாவு அதுக்கு அடுத்த ரீலு.”

இருளப்பன் செருப்பைத் தேடக்கூட நிற்காமல் ஓடினார். அவருக்குப் பின்னால் ஒருவர், இருவர், பிறகு ஒரு வரிசை, படுக்கையில் யாரும் இல்லாத வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், யார் வீட்டில் யார் எப்போது எழுந்து கரண்டியைத் தூக்குவார்கள் என்று யாருக்குத் தெரியும்? பாம்பு நாச்சியாரைக் கடிக்கும்போது அரங்கில் கபிலன் மட்டும் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வருஷ உழைப்பு முழுதாக ஓடுவதை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ.

திலகராணி யாருடைய போனுக்கும் காத்திருக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் மூட்டுவலியோடு பஜார் வழியே ஓடினாள், திறந்திருந்த வாசல்களுக்குள் இலைகள் விரிந்துகொண்டிருந்தன, ஒரு வீட்டில் யாரோ சத்தமாகச் சண்டை போட்டார்கள், இன்னொரு வீட்டில் யாரோ அழுதுகொண்டே சாம்பார் கேட்டார்கள். பத்தொன்பது வருஷமாக மிதிக்காத படியில் ஏறினாள். கலா வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“தானா ஒரு பக்கமாத் திரும்பிப் படுக்க முடியாத மனுசன், அண்ணி. எந்திரிச்சு அவரே கொழம்ப இறக்கி வைக்கிறாரு.”

உள்ளே சேது நின்றுகொண்டிருந்தான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, அவ்வளவு இளைத்திருந்தான், கால் இரண்டும் வீங்கியிருந்தன, கையில் கரண்டி. தரையில் ஒரே ஒரு இலை.

“உக்காருக்கா.”

திலகராணி நிலைப்படியிலேயே நின்றாள். “எனக்குப் பசிக்கலடா. நீ போயிப் படு. நான் நாளைக்கு வந்து சாப்புடுறேன்.”

“நாளைக்கு யாரு போடுவா? உக்காரு.”

உட்கார்ந்தாள். அவன் சோற்றை வைத்தான், பாதி இலையிலும் பாதி தரையிலும் விழுந்தது, குழம்பை ஊற்றினான். அவள் பிசைந்து ஒரு வாய் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க்கா சொன்ன?”

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது, ஆனால் சத்தமாகத்தான் கேட்டது. அவள் தலை தானாகக் குனிந்துகொண்டது, இலையைப் பார்த்து இன்னொரு வாய் எடுத்தாள், குனிந்திருப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் பொரியல் வைத்தான். மறுபடி கேட்டான். “ஏங்க்கா சொன்ன?”

திலகராணி கையிலிருந்த சோற்றை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“உனக்கு வலிப்பு வந்தது நெசம். ஆனா நெசத்தச் சொல்லணும்னு நான் போகலடா. அம்மா போன பெறகு வீட்டுல நீயும் நானுந்தான். நீயும் கல்யாணம் முடிச்சுப் போயிட்டா நான் ஒத்தையில கெடப்பேனேன்னு பயந்தேன். அவ்வளவுதான். வேற ஒரு காரணமும் இல்ல.”

சேது கரண்டியோடு அவளையே பார்த்தான். அவன் முகத்தில் முதலில் கோபம் வந்தது, அது முழுசாக வந்து நின்றது, பிறகு உதடு கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு வந்தது.

“இதத்தான் பத்தொம்பது வருசமா வாயில வச்சிருந்தியா? கூறு இருக்காக்கா ஒனக்கு? சொல்லியிருந்தா ஒன்னையும் சேத்துக் கூட்டிக்கிட்டு வந்திருப்பேனே.”

அவள் ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள். அவன் ரசம் ஊற்றினான், அவள் குடித்தாள், மோர் ஊற்றினான், அதையும் வழித்துச் சாப்பிட்டாள். தொண்டைவரை நிறைந்துவிட்டது. இலை காலியாகிக்கொண்டு வந்தது. சேதுவின் முழங்கால் ஆடத் தொடங்கியது, அவன் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைக்கப் போனான்.

“போதுமாக்கா?”

“போதாது. இன்னும் கொஞ்சம் வை.”

வைத்தான். சாப்பிட்டாள்.

“போதுமா?”

“போதாதுடா. கொழம்புலருந்து மறுபடி ஊத்து.”

ஊற்றினான். பானையில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது, அவன் பானையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தான். திலகராணி வாயில் சோற்றோடு, இலையிலிருந்து கையை எடுக்காமல், வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“கலா, இன்னொரு படி அரிசியப் போடு.”